ஏப்ரல் வரை பிரிக்கக் கூடாது

யாகுட்ஸ்க் நகரத்தில் ஒரு பெண்ணிடம் கல்யாணப் பேச்சை எடுப்பதற்கு எத்தனையோ நல்ல இடங்கள் இருக்கின்றன. எர்ச்சிம் போயும் போயும் அவளுடைய த்ரோஃபீம் சித்தப்பாவின் கார் கொட்டகையைத் தேர்ந்தெடுத்தான். அதுவும் அக்டோபர் மாதத்தில், அந்தப் பெண் தன் காரைக் குளிருக்குத் தயார் செய்துகொண்டிருக்கிற நேரத்தில். புத்தி உள்ளவன் செய்கிற காரியமா என்று கேட்கலாம். ஆனால் எர்ச்சிமுக்குப் புத்தி இல்லை என்று லேசில் சொல்லிவிட முடியாது. மைனஸ் ஐம்பது டிகிரி அடிக்கிற ஊரில் ஃபிரிட்ஜ் விற்றுப் பிழைக்கிறவன் அவன். அதற்குத் தனி சாமர்த்தியம் வேண்டும்.

பெண்ணின் பெயர் குன்னேய். ஷேர் டாக்சி ஓட்டுகிறவள். குளிர்காலம் வருகிறது என்றால் ஊரில் பாதிப் பேர் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு, காரை முற்றத்தில் ஏப்ரல் வரை தூங்கப் போட்டுவிடுவார்கள். குன்னேய் அந்த ரகம் இல்லை. பழைய ஆயிலை வடித்துவிட்டுக் குளிரிலும் இறுகாத மெல்லிய ஆயிலை ஊற்றுவாள். என்ஜின் மேல் கம்பளி விரிப்பாள், ரேடியேட்டருக்கு முன்னால் அட்டையைச் செருகுவாள், நிறுத்தும் இடத்தில் காருக்குப் போர்த்துவதற்கென்று தைத்து வைத்த மெத்தைப் போர்வையை உதறி வெயிலில் போடுவாள். இதெல்லாம் யாரும் செய்கிற வேலை. அவள் உயிரை விடுவது கண்ணாடிக்கு.

ஒற்றைக் கண்ணாடியோடு அந்தக் குளிரில் போனால், உள்ளே இருக்கிறவர்கள் விடுகிற மூச்செல்லாம் கண்ணாடியில் பனியாக அப்பிக்கொள்ளும். ஆகவே கதவுக் கண்ணாடிகளுக்கு உட்புறமாக, மெல்லிய இடைவெளி விட்டு, பிளாஸ்டிக் தகட்டால் இரண்டாவது கண்ணாடி ஒட்ட வேண்டும். இரண்டுக்கும் நடுவே இருக்கிற காற்றில் பொட்டு ஈரம் இருக்கக் கூடாது. இருந்தால் அது உறைந்து, குளிர்காலம் முழுக்க அந்தக் கண்ணாடி குருடாகவே நிற்கும். அதனால் ஹேர் டிரையரால் ஊதி ஊதிச் சூடாக்கி ஒட்டுவார்கள். ஒட்டி முடிகிற வரை பக்கத்தில் நிற்கிற யாரும் வாயைத் திறக்கக் கூடாது. குன்னேய் வேலை செய்கிற கொட்டகையில் இது சட்டம். ஒரு தடவை சித்தப்பா தும்மியதற்கு அவரை வெளியே நிறுத்திவிட்டாள், அவருடைய கொட்டகையிலிருந்தே.

அந்த ஆண்டு அவளுக்கு வடக்கிலிருந்து ஒரு வேலை வந்திருந்தது. ஊரை ஒட்டி ஓடும் லேனா ஆறு உறைந்து அதன்மேல் பனிப்பாதை திறந்ததும் கிளம்பிவிட வேண்டும். சுரங்க ஊர்களுக்கு இடையே ஆள் ஏற்றிக்கொண்டு பனி உருகும்வரை அங்கேயே கிடக்க வேண்டும். போகட்டுமா வேண்டாமா என்று அவள் எர்ச்சிமிடம் கேட்கவில்லை. கோடையில் ஒரு நாள் ஆற்றங்கரையில் இருவரும் மீன் சுட்டுத் தின்றுகொண்டிருந்தபோது, முள்ளை எடுத்தபடியே சொன்னாள்.

“என்னை இங்க நிறுத்தி வைக்கணும்னு யாருக்காவது எண்ணம் இருந்தா, பாதை திறக்கறதுக்குள்ள வாயைத் திறக்கச் சொல்லு. நான் யார் வாயையும் பிடுங்க மாட்டேன்.”

யாருக்காவது என்றால் யாருக்கு என்று புரியாத அளவுக்கு அவன் மக்கு இல்லை. மறுவாரமே வெள்ளிக் கொல்லரிடம் போய் ஒரு மோதிரம் செய்யச் சொன்னான். கல் வேண்டாம், பூ வேலை வேண்டாம், கையுறைக்குள் மாட்டிக்கொள்ளாத வெறும் வளையமாக இருக்கட்டும் என்றான். மோதிரம் வந்தது. கேட்கிற தைரியம் அதோடு சேர்ந்து வரவில்லை. செப்டம்பர் போயிற்று. கடைசியில், காரின் கடைசிக் கண்ணாடி ஒட்டி முடித்ததும் குன்னேய் இரண்டடி பின்னால் போய் நின்று தன் வேலையைத் தானே ரசித்துச் சிரிப்பாளே, அந்த நேரத்தில் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தான். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருப்பதை அவன் வேறெங்கும் பார்த்ததில்லை.

கடைசிக் கண்ணாடி, ஓட்டுகிறவர் இருக்கைக்குப் பின்னால் இருக்கிற கதவு. அடிப்பக்கம் ஒட்டியாயிற்று. இரண்டு ஓரமும் ஆயிற்று. மேல்விளிம்பு மட்டும் பாக்கி. எர்ச்சிம் தகட்டின் மேல்முனையைப் பிடித்துக்கொண்டிருந்தான். நல்ல நேரம் பார்த்துச் சட்டைப்பையில் துழாவிக்கொண்டிருக்கக் கூடாதே என்று மோதிரத்தை முன்கூட்டியே சுண்டுவிரல் நுனியில் மாட்டி வைத்திருந்தான். குன்னேய் ஹேர் டிரையரை உள்ளே நீட்டிக் கடைசிச் சூட்டை ஊதினாள். அந்தச் சூட்டிலும் நெஞ்சின் படபடப்பிலும் அவன் கை வேர்த்தது. மோதிரம் வழுக்கிக்கொண்டு இரண்டு கண்ணாடிக்கும் நடுவே விழுந்தது.

வேறு ஊர்க்காரனாக இருந்தால் ஐயோ என்று கத்தியிருப்பான். இவன் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன். கன்னம் இரண்டையும் உப்பிக்கொண்டு, கண்ணை உருட்டி, மூக்கால் ம்ம் ம்ம் என்று முனகினான். குன்னேய் அவனை ஒரு முறை முறைத்துவிட்டு, மேல்விளிம்பைக் கட்டைவிரலால் ஒரே இழுப்பாக இழுத்து ஒட்டினாள். வேலை முடிந்தது. அவள் இரண்டடி பின்னால் போய் நின்றாள். சிரித்தாள்.

“ஒரு பொட்டு மூச்சுகூட உள்ள போகல. இவ்வளவு சுத்தமா நான் ஒட்டினதே இல்ல. ஏப்ரல் வரைக்கும் இது மேல எவனாவது கை வெச்சான், கையை ஒடிச்சிடுவேன்.”

எர்ச்சிம் குனிந்து பார்த்தான். கண்ணாடியின் அடிவிளிம்பில் ஒட்டியிருந்த கறுப்பு ரப்பர் பட்டைக்குப் பின்னால் மோதிரம் பதுங்கிக்கொண்டிருந்தது. உற்றுப் பார்த்தால் மட்டும் அதன் மேல்பாதி தெரிந்தது. கேட்பதற்கு மோதிரம் வேண்டும். மோதிரத்தை எடுக்கக் கண்ணாடியைப் பிரிக்க வேண்டும். கண்ணாடியைப் பிரித்துவிட்டுக் கேட்டால் என்ன பதில் வரும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். கண்ணாடி ரொம்ப நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, அசட்டுச் சிரிப்போடு வீட்டுக்குப் போனான்.

இதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. இடைவெளி குறுகலானது என்பதால் மோதிரம் படுக்க முடியாமல் சக்கரம் மாதிரி நின்றது. நிற்கிற சக்கரம் உருளாமல் இருக்குமா? குன்னேய் பிரேக் போட்டால் கிர்ர்ர் என்று முன்னால் ஓடி டக்கென்று மூலையில் முட்டும். வண்டியைக் கிளப்பினால் கிர்ர்ர் என்று பின்னால் ஓடி அந்த மூலையில் முட்டும். மறுநாள் காலை முதல் சிக்னலிலேயே குன்னேய் ரேடியோவை அணைத்துவிட்டாள்.

அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று. சக்கரத்தில் ஏதோ தேய்கிறது என்றாள். சித்தப்பா நான்கு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றார். அப்படியானால் கியர்பெட்டி என்றாள். அதையும் திறந்தார்கள். அடுப்பு எரிகிற கொட்டகையில் நிற்கும்போது கார் சாதுவாக நின்றது. வெளியே எடுத்து ஓட்டினால் கிர்ர்ர் டக். நாற்பது வருஷமாக வண்டி பார்க்கிற தன்னை ஒரு வண்டி இப்படி அவமானப்படுத்தியதில்லை என்று சித்தப்பா கொதித்துப்போனார்.

எர்ச்சிம் சும்மா இருக்கவில்லை. மோதிரம் இல்லாவிட்டால் போகிறது, வாயால் மட்டும் கேட்டுவிடலாம் என்று துணிந்து, வேலை முடிந்து அவள் காரில் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் தொண்டையைச் செருமினான். குன்னேய், உன்கிட்ட ஒண்ணு, என்று தொடங்குவான். சரியாக அந்த நேரத்தில் முன்னால் ஒரு பஸ் நிற்கும், அவள் பிரேக்கை மிதிப்பாள், மோதிரம் உருளும்.

“ஷ். பேசாதே. கேக்க விடு.”

அவள் தலையைச் சாய்த்துக் காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள். அந்த முகத்தைப் பார்த்ததும் இவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான். தான் செய்த மோதிரமே தன் வாயை அடைக்கிறதே என்று நினைத்தால் அழுகையாகவும் வந்தது, சிரிப்பாகவும் வந்தது. சிரிப்பை அடக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது.

பிறகு ஒரு யோசனை தோன்றியது. கடையில் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிக் காட்டுகிற காந்தங்கள் டப்பா டப்பாவாகக் கிடந்தன. அதில் நல்ல வலுவானது ஒன்றை எடுத்து வந்து, பின்சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியோடு கண்ணாடியாகத் தேய்த்தான். மேலே இழுத்து ஒரு மூலையில் நிறுத்திவிட்டால் சத்தமாவது நிற்குமே என்று கணக்கு. மோதிரம் அசையவே இல்லை. சந்தைவரைக்கும் தேய்த்த பிறகுதான் வெள்ளி காந்தத்தில் ஒட்டாது என்பது நினைவுக்கு வந்தது. அங்கே என்ன செய்கிறாய் என்று பின்பக்கம் காட்டுகிற கண்ணாடி வழியாகக் குன்னேய் கேட்டாள். அழுக்கைத் துடைக்கிறேன் என்றான். கரடி உருவக் காந்தத்தால் அழுக்கைத் துடைக்கிறவனை அவள் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, வண்டியை ஓட்டினாள்.

பின்சீட்டுக்குப் போனவன் அங்கேயே தங்கிவிட்டான். வேறு யாராவது அந்த ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பார்த்துவிட்டால் என்ன ஆவது? ஆகவே குன்னேயின் வண்டியில் ஏறும்போதெல்லாம் முன்சீட்டைத் தவிர்த்துவிட்டு, பின்னால் போய் முதுகைக் கண்ணாடிக்குக் காட்டி உட்கார்ந்துகொண்டான். அவன் கடையில் இருக்கிற நேரமெல்லாம் ஊரே அந்த இடத்தில் உட்கார்ந்து போனது வேறு விஷயம்.

பார்த்தவர்களில் முதல் ஆள் ஃபெவ்ரோனியா அக்கா. ஆற்றுக்கு அந்தக் கரையில் அவள் வீடு. கடைசிப் படகில் மீன் மூட்டையோடு இந்தக் கரைக்கு வந்தவள், பனிப்பாதை திறக்கும்வரை மகள் வீட்டில் தங்கி, தினமும் குன்னேயின் காரில் சந்தைக்குப் போய் மீன் விற்றாள். முதல் நாளே மோதிரத்தைக் கண்டுகொண்டாள். யார் வைத்தது, யாருக்கு வைத்தது என்பதும் அவளுக்கு உடனே புரிந்துபோயிற்று. போட்டுக்கொடுக்கவில்லை. இப்படி ஒரு கூத்தை இலவசமாகப் பார்க்கக் கிடைத்தால் யார்தான் கெடுப்பார்கள்? வாயை மூடிக்கொண்டிருப்பதற்குக் கூலியாக, இரும்புபோல் உறைந்த மீன் மூட்டையை எர்ச்சிம் சந்தைக்குள் சுமந்து வர வேண்டும் என்று மட்டும் ஏற்பாடு செய்துகொண்டாள். சுமக்கும்போது காதில் சொன்னாள்:

“தம்பி, மோதிரம் ஊரையே சுத்திப் பாத்துடுச்சு. போட்டுக்க வேண்டிய கைதான் ஸ்டியரிங்கைப் பிடிச்சிட்டு இருக்கு.”

நவம்பர் கடைசியில் சித்தப்பா தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளக் களத்தில் இறங்கினார். குன்னேய் ஓட்ட, அவர் பின்சீட்டில் குறுக்கே படுத்து, தொப்பியைக் கழற்றிவிட்டுக் காரின் ஒவ்வொரு பாகத்திலும் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே வந்தார். தரையில் இல்லை. இருக்கைக்கு அடியில் இல்லை. கடைசியில், வழக்கம்போல் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்த எர்ச்சிமின் மடியில் ஏறிக் கதவில் காதை வைத்தார். எர்ச்சிம் கலவரத்தில் ஒரு பாட்டை முணுமுணுக்கத் தொடங்கினான், பிறகு முழங்காலில் தாளம் போட்டான். சித்தப்பா அவன் வாயைத் தன் உள்ளங்கையால் பொத்தினார். குன்னேய் பிரேக்கை மிதித்தாள். கிர்ர்ர் டக்.

சத்தம் இந்தக் கதவுக்குள்ளே இருக்கிறது, நாளைக்கே பிரித்துவிடலாம் என்று சித்தப்பா வெற்றிக் களிப்போடு அறிவித்தார். ஆனால் குன்னேய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் கதவில்தான் அவளுடைய கண்ணாடி இருக்கிறது, ஏப்ரல் வரை யாரும் கை வைக்கக் கூடாது, வேறு இடத்தில் தேடுங்கள் என்று சொல்லிவிட்டாள். சித்தப்பா தொப்பியை மாட்டிக்கொண்டு அடுத்த சிக்னலில் இறங்கி நடந்தே போய்விட்டார்.

அன்று எர்ச்சிமை வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது, குன்னேய் என்ஜினை அணைக்காமலே உட்கார்ந்திருந்தாள். குளிர்காலத்தில் அங்கே யாரும் அணைப்பதில்லை. அவள் முகத்தில் மட்டும் என்றைக்கும் இல்லாத வாட்டம்.

“முன்னாடியெல்லாம் என் பக்கத்துல உக்காருவே. இப்ப பின்னால போய் முதுகைத் திருப்பிக்கிட்டு உக்காந்துக்கறே. யாராவது பாத்துடுவாங்கன்னு வெக்கமா?”

அவன் பதறிப்போய் இல்லை இல்லை என்றான். பிறகு ஏன் என்று கேட்டாள். அதற்கு அவனிடம் இருந்த ஒரே பதில் அவள் முதுகுக்குப் பின்னால் ரப்பர் பட்டையில் சாய்ந்துகொண்டிருந்தது. அவள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனாள். அன்றுதான் எர்ச்சிமுக்கு முதல் முறையாக நிஜமான பயம் வந்தது. மோதிரம் போனாலும் போகட்டும், இவள் போய்விடுவாளே என்ற பயம்.

டிசம்பரில் பனிப்பாதை திறந்தது. சின்ன வண்டிகள் போகலாம் என்று அறிவித்த அன்றே ஆற்றங்கரையில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. ஃபெவ்ரோனியா அக்கா ஒரு வழியாக ஊருக்குக் கிளம்பிவிட்டாள். எர்ச்சிமும் கடைக்கு விடுமுறை சொல்லிவிட்டு ஏறிக்கொண்டான். பழக்க தோஷத்தில் பின்சீட்டிலேயே உட்கார்ந்தான். அக்கரை போய்ச் சேர்வதற்குள் கேட்டுவிடுவது, அவள் ஷ் என்றாலும் கேட்டுவிடுவது, கையை ஒடித்தாலும் கேட்டுவிடுவது என்று மனசுக்குள் சபதம் எடுத்தான். கரைச் சரிவில் இறங்கும்போது வாயைத் திறந்தான்.

கிர்ர்ர்.

“ஷ்,” என்றாள் குன்னேய்.

சரிவின் அடியில் ஒரு காவலர் ஒவ்வொரு வண்டியாக நிறுத்திச் சோதித்துக்கொண்டிருந்தார். புருவமெல்லாம் பனி. கயிறு இருக்கிறதா, மண்வெட்டி இருக்கிறதா, எத்தனை பேர் என்று கேட்டார். எல்லாம் சரியாக இருந்தது. போகலாம் என்று கையசைத்தார், குன்னேய் வண்டியை நகர்த்தினாள், உடனே அவர் கையைத் தூக்கி நிறுத்தினார். வண்டிக்குள் ஏதோ உருள்கிறது, கழன்ற பாகத்தோடு யாரையும் பனிமேல் இறங்க விட முடியாது என்றார். பின்கதவுப் பக்கம் வந்து, வெளிக்கண்ணாடியில் படிந்திருந்த அழுக்கைக் கையுறையால் வழித்துவிட்டுக் குனிந்தார்.

“அம்மா, நீங்களே இறங்கி வந்து பாருங்க. இதைப் பாகம்னு சொல்றதா என்னன்னு எனக்குத் தெரியல.”

குன்னேய் இறங்கி வந்து குனிந்தாள். மோதிரம் முன்மூலையில் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது. வெளிச்சம் பட்டு அதன் மேல்பாதி பளிச்சென்று தெரிந்தது. எர்ச்சிம் மறுபக்கத்துக் கதவு வழியாக இறங்கி, காரைச் சுற்றி ஓடி வந்தான். அவள் அவனையும் பார்த்தாள், கண்ணாடியையும் பார்த்தாள்.

“இது எப்பலேர்ந்து இங்க இருக்கு?”

“ஒட்டின அன்னிலேர்ந்து.”

“ஏன் சொல்லல?”

“வாயைத் திறக்கக் கூடாதுன்னே.”

“அதுக்கப்புறம்?”

“பேசாதே, சத்தம் கேக்கணும்னே.”

பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடிக்கத் தொடங்கின. காவலர் இரண்டு கையையும் தூக்கி வரிசையை அடக்கினார். எர்ச்சிம் ஒரே மூச்சில் கேட்டுவிட்டான்.

“குன்னேய், வடக்க போகாதே. என்னைக் கட்டிக்கோ.”

சொன்னதும் அவன் வாயிலிருந்து வந்த ஆவி முகத்துக்கு முன்னால் வெள்ளையாகப் பரவி அவளையே மறைத்துவிட்டது. அது கலைகிற வரைக்கும் அவனுக்கு உயிரே இல்லை. கலைந்தபோது குன்னேய் காரின் மேல் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். சத்தமே வராத சிரிப்பு. கண்ணிலிருந்து வழிந்த நீர் இமையிலேயே உறைந்து, இமையைப் பிரிக்க முடியாமல் கையுறையால் தேய்த்துக்கொண்டு சிரித்தாள்.

“வடக்கேயா? அந்த வேலையைப் போன வாரமே வேண்டாம்னு சொல்லியாச்சு. இப்படி ஒரு சத்தத்தை வெச்சுக்கிட்டு, ஆளே இல்லாத காட்டு வழியில எவ போவா?”

எர்ச்சிம் வாயைப் பிளந்தான். எந்தச் சனியன் தன் வாயை அடைக்கிறது என்று அத்தனை நாளும் சபித்துக்கொண்டிருந்தானோ, அதுதான் அவளைப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறது. கேட்க வேண்டியவன் கேட்காமல் இருந்தபோது, சிக்னலுக்குச் சிக்னல் அது கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

“அப்ப எனக்காக நிக்கலையா?” என்றான், கொஞ்சம் மனத்தாங்கலோடு.

“உனக்காக நிக்கணும்னா நீ கேட்டிருக்கணும். சத்தம்தான் நிறுத்துச்சு. அது யார் போட்ட சத்தம்னு இப்பத்தானே தெரியுது.”

அவன் சட்டைக்குள்ளிருந்து பேனாக்கத்தியை எடுத்தான். இப்போதே பிரித்து, இப்போதே விரலில் போட்டுவிடுகிறேன் என்று கண்ணாடியை நோக்கிப் பாய்ந்தான். குன்னேய் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். வலித்தது.

“ஏப்ரல்ல கல்யாணம். அன்னிக்கு நானே பிரிக்கிறேன். அதுக்கு முன்னாடி என் கண்ணாடியைத் தொட்டே, கல்யாணமும் கிடையாது, உனக்குக் கையும் கிடையாது.”

காருக்குள்ளிருந்து ஃபெவ்ரோனியா அக்கா, சம்மதம் சொல்லியாயிற்று என்றால் கதவைச் சாத்துங்கள், குளிர் உள்ளே வருகிறது என்று குரல் கொடுத்தாள். காவலர், கழன்ற பாகம் எதுவும் இல்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு எர்ச்சிமின் முதுகில் ஓங்கித் தட்டினார். எர்ச்சிமுக்குக் கால் தரையில் பாவவில்லை. முன்சீட்டுக் கதவை மறந்து, டிக்கியைத் திறந்து ஏறப் பார்த்தான். குன்னேய்தான் காலரைப் பிடித்து இழுத்து வந்து தன் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

பனிமேல் போகும்போது காரணம் இல்லாமல் பிரேக் போடக் கூடாது என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிறவள் குன்னேய். ஆற்றின் நடுவே, முன்னாலும் பின்னாலும் வண்டி இல்லாத இடம் பார்த்து, ரேடியோவை அணைத்துவிட்டு பிரேக்கை மிதித்தாள். மீன் மூட்டை சரிந்து ஃபெவ்ரோனியா அக்காவின் காலில் விழுந்தது. அக்கா திட்டத் தொடங்கினாள்.

“ஷ்,” என்றாள் குன்னேய். “கேக்க விடுங்க.”